நீர்க்கரடிக்கு ஒரு நகல்

பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். எட்டுக் கால்கள். பாசியில் வாழும் நீர்க்கரடி, வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் எழுந்து நடக்கும். 2007-ல் விண்வெளிக்குப் போய்க்கூட சில உயிரோடு திரும்பின.

ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் மர்ரே, ஷாக்கிள்டனின் அன்டார்டிகா பயணத்தில் (1907-09) இவற்றைத் தேடிச் சேகரித்தவர். 1914-ல் ஆர்க்டிக் பனியில் காணாமல் போனார். அவருடைய கண்ணாடி ஸ்லைடுகள் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

புதிதாகக் கிடைத்தது எந்த இனம் என்று ஒப்பிட, பழைய ஸ்லைடுகள்தான் சாட்சி. உள்ளே இருக்கும் பசை வறண்டால் நகமும் வாயும் தெரியாது. தபாலில் அனுப்பினால் உடையலாம். அதனால்தான் இப்படிப்பட்ட ஸ்லைடுகளை ஆழம் மாற்றி மாற்றிப் படமெடுத்து, லேபிள் கையெழுத்தோடு கணினியில் ஏற்றுகிறார்கள்.

விண்வெளியையே தாங்கிய பிராணிக்கு, கடைசியில் எமன் காய்ந்த பசைதான்!