ஐப்பசித் தொட்டிக்கு நடுச்செடி எது?

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகிறது. நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் விவசாயிகள் பலர் ஆயுதபூஜை, தீபாவளி விற்பனையைப் பற்றிப் புரட்டாசி பிறந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். அப்போது யோசித்தால் ஒரே வழிதான் மிச்சம். வெளியூரிலிருந்து பூத்த செடிகளை லாரியில் வரவழைத்து, தொட்டிக்குக் கொஞ்சம் லாபம் வைத்து விற்க வேண்டும். பசுமைக்குடிலில் வளர்ந்த அந்தச் செடிகள், வாங்கியவர் வீட்டு வாசலில் இரண்டு கனமழையைத் தாங்குவதில்லை. அவர் அடுத்த ஆண்டு உங்கள் பண்ணைப் பக்கம் வருவதும் இல்லை.

நகரத்தை ஒட்டி பத்து, இருபது சென்ட் நிலம் வைத்திருப்பவருக்குத் தொட்டிச்செடி நல்ல உபதொழில். ஆனால் அதில் லாபமா நட்டமா என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஒரு முடிவுதான்: தொட்டியின் நடுவில் எந்தச் செடியை வைப்பது? வாங்க வருபவரின் கண் முதலில் போவது அதன் மேல்தான். சுற்றிலும் நிரப்பும் சிறு செடிகளையும் விளிம்பில் வழியும் கொடிகளையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நடுச்செடி அழுகினால் தொட்டியே போயிற்று.

இலையுதிர்காலத் தொட்டிகளுக்கு மேலை நாட்டுத் தோட்டப் புத்தகங்கள் சொல்லும் நடுச்செடிகள் அலங்கார முட்டைக்கோஸ், அலங்காரப் புல், குவியலாகப் பூக்கும் செவ்வந்தி போன்றவை. அங்கே இலையுதிர்காலம் என்றால் குளிர்ந்த இரவு, மிதமான வெயில். நமக்கோ அதே மாதங்கள் கூதிர்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்குரியவை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபரில் தொடங்கி டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அலங்கார முட்டைக்கோஸ் ஊதாவும் வெள்ளையுமாக நிறம் ஏற இரவுக் குளிர் வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது சரி; சென்னையிலோ நாகையிலோ வைத்தால் பச்சையாகவே நின்று புழு தின்னும். படத்தைப் பார்த்து விதை பாக்கெட் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செடியைப் பார்க்கும் முன் தொட்டியைப் பார்ப்போம். மழைக்காலத்தில் தொட்டிச்செடி சாவது பெரும்பாலும் வேரில் காற்று இல்லாமல்தான். வடிகாலுக்காக அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். மண்ணின் நுண்துளைகள் நீரைப் பிடித்து வைப்பதால், எந்தத் தொட்டியிலும் நீர் வடிந்து நின்ற பிறகும் அடிப்பகுதியில் ஓர் ஈர அடுக்கு தங்கும். அந்த அடுக்கு எவ்வளவு உயரம் என்பது மண்கலவையைப் பொறுத்தது; தொட்டி பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்தது அல்ல. ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்து நிற்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்து, தட்டையாகப் பிடித்துப் பாருங்கள். நீர் சொட்டி நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். அகலமான ஆழமில்லாத தொட்டியைவிட உயரமான தொட்டி மழைக்கு நல்லது என்பதற்கு இதுதான் காரணம். துளை மேல் மண் ஒழுகாமல் இருக்க ஓர் ஓட்டாஞ்சில்லு போதும்.

கலவையில் தென்னைநார்க் கழிவு கால் பங்குக்கு மேல் வேண்டாம். கோடையில் அது வரம். மழையில் அதே நீர்ப்பிடிப்பு வேரை அழுகவைக்கும். செம்மண், மட்கிய தொழு உரம், பருமணல் அல்லது கருக்கிய உமி என்று கலந்து, தொழு உரத்தோடு டிரைக்கோடெர்மாவைச் சேர்த்து ஈரமாக இரண்டு வாரம் நிழலில் வைத்துவிட்டு நிரப்புங்கள். எம்-சாண்ட் போடுவதானால் தூசு போகக் கழுவ வேண்டும். தூசு சிமென்ட் மாதிரி இறுகிவிடும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தால் துளை அடைபடாது. அடித்தட்டை மழைக்காலம் முழுக்க எடுத்துவிடச் சொல்லுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தட்டு நீரே போதும்.

இனி செடிகளுக்கு வருவோம். கடலோர மாவட்டங்களுக்கு என் முதல் தேர்வு கல்வாழை. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், சாக்கடை ஓரத்தில் வளர்வது என்று. சாக்கடை ஓரத்தில் வளர்கிறது என்பதுதான் அதன் தகுதிச் சான்று. நான்கு நாள் விடாமல் பெய்தாலும் வேர் அழுகாது. பூ உதிர்ந்தாலும் செம்பு நிற இலை உள்ள வகைகள் இலையாலேயே தொட்டியைத் தாங்கும். குட்டை வகைக் கிழங்கை இரண்டு கண் இருக்கும்படி வெட்டி இந்த வாரம் நட்டால் தீபாவளியை ஒட்டிப் பூவெடுக்கும். இலையைச் சுருட்டும் புழு வரும். சுருண்ட இலையைப் பிரித்துப் பார்த்துக் கையால் நசுக்கினால் போதும், மருந்து வேண்டாம்.

குரோட்டன்ஸ் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும்: நிழல்வலைக்குள்ளேயே வளர்ந்த செடியை நேராக வெயிலுக்கு அனுப்பினால் இலை கொட்டும். நிறமும் வெளிச்சத்தில்தான் ஏறும். மேகமூட்டம் தொடங்குவதற்கு முன், ஆவணி புரட்டாசி வெயிலிலேயே நிறம் ஏற்றிவிட வேண்டும். இப்போது போடும் விண்பதியம் புரட்டாசிக்குள் வேர் விட்டுவிடும். அது அடுத்த ஆண்டுச் சரக்கு.

கோழிக்கொண்டையை நம் நாற்றுப்பண்ணைகள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. மானாவாரி நிலத்தில் களையாக வரும் பண்ணைக்கீரையின் நெருங்கிய உறவு இது. நம் வெயிலும் மண்ணும் அதற்குப் புதிதல்ல. இதில் இரண்டு வகை உண்டு. சேவல் கொண்டை போல மடிந்து மடிந்து வருவது ஒன்று, தீச்சுடர் போல நிமிர்ந்து வருவது இன்னொன்று. மடிப்புகளில் மழைநீர் தங்கி அழுகும் என்பதால் கடலோரத்துக்குச் சுடர் வகைதான் சரி. கோவை, திண்டுக்கல், தேனி போன்ற உள்மாவட்டங்களில் மழைக்கு இடைவெளி கிடைப்பதால் கொண்டை வகை தாராளமாக வைக்கலாம்.

விதைத்து இரண்டரை மாதத்துக்குள் கோழிக்கொண்டை விற்பனைக்கு வந்துவிடும். ஆயுதபூஜைக்கு வேண்டுமானால் ஆடி முடிவதற்குள், தீபாவளிக்கு வேண்டுமானால் ஆவணி முதல் வாரம் விதைக்க வேண்டும். இதில் பலர் இழப்பது எங்கே தெரியுமா? குழித்தட்டில் நாற்றை அதிக நாள் விட்டுவிடுவதில். வேர் சுற்றிக்கொண்டு இடம் போதாமல் போனால் நாற்று தட்டிலேயே சின்னக் கொண்டை வைத்துவிடும். பிறகு எவ்வளவு பெரிய தொட்டிக்கு மாற்றி எவ்வளவு உரம் போட்டாலும் அது சாண் உயரத்திலேயே நின்றுவிடும். நான்கைந்து இலை வந்ததும், வேரைக் கலைக்காமல் மண்கட்டியோடு மாற்றிவிடுங்கள். நாற்று வாங்குபவர்களும் கொண்டை தெரியும் நாற்றைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். கொண்டை தெரியாத நாற்றே நல்ல நாற்று. விதைக்கு ஒவ்வோர் ஆண்டும் பணம் கொடுக்கவும் வேண்டியதில்லை. கொண்டையின் அடிப்பகுதியில்தான் விதை பிடிக்கும், கடுகைவிடச் சிறியது, பளபளக்கும் கறுப்பு. சிறந்த செடிகளைக் குறித்துவைத்து, காய்ந்ததும் காகிதத்தில் தட்டி எடுங்கள்.

செவ்வந்தியை ஒதுக்க முடியாது; கேட்டு வருகிறவர்கள் அதிகம். (சில மாவட்டங்களில் இதைத்தான் சாமந்தி என்பார்கள், வேறு சில இடங்களில் செண்டுமல்லியைச் சாமந்தி என்பார்கள். விலைப்பட்டியல் எழுதும்போது குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) வேர்விட்ட கன்றுகள் இப்போதே தொட்டிக்கு வந்திருக்க வேண்டும். நட்ட நான்காவது வாரம் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டுக் குவியலாகும். ஆவணி பாதிக்குப் பிறகு கிள்ள வேண்டாம், பூ தள்ளிப்போகும். செவ்வந்தி குறும்பகல் செடி. இருட்டு இடைவிடாமல் நீண்டால்தான் மொட்டு வைக்கும். வெட்டுமலர்ப் பண்ணைகளில் நள்ளிரவில் விளக்குப் போட்டுப் பூப்பதைத் தள்ளிவைப்பது இதனால்தான். உங்கள் தொட்டி வரிசைக்கு மேலே தெருவிளக்கு இருந்தால் அதே வேலையை அது காசு வாங்காமல் செய்துவிடும். உரம் போடவில்லை, நுண்ணூட்டம் தெளிக்கவில்லை என்று அலைவதற்கு முன் இரவில் ஒரு தடவை போய் நிழல் விழுகிறதா என்று பாருங்கள்.

முழுதும் மலர்ந்த செவ்வந்தியை விற்காதீர்கள். காற்பங்கு மலர்ந்து மீதி மொட்டாக இருக்கும்போது கைமாறினால் வாங்கியவர் வீட்டில் வாரக்கணக்கில் நிற்கும். வாசலில் மழை நேரடியாகப் படாத இடத்தில் வைக்கச் சொல்லி அனுப்புங்கள். பெரிய பூ செண்டுமல்லியை நான் நடுச்செடியாகப் பரிந்துரைப்பதில்லை. பூ நீர் குடித்துக் கனத்து, தண்டு முறியும். மாலைக்கும் தோரணத்துக்கும் அது ராஜா, தொட்டிக்கு அல்ல.

இந்தப் பருவத்துக்கென்றே பிறந்த செடி ஒன்று நம்மிடம் இருக்கிறது. நம் மாநில மலரான செங்காந்தள். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, கனலாகி, சிவப்பில் முடியும் ஒரு பூவுக்கு ஈடாக எந்த வெளிநாட்டுச் செடியும் ஐப்பசியில் நிற்காது. பூ தலைகீழாகத் தொங்கி, இதழ்கள் மேல்நோக்கி வளைவதால் மழைநீர் அதில் தேங்குவதில்லை. விதைக்காக இதைக் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்ற பெயர்களில் சாகுபடி செய்யும் விவசாயிகள் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் இருக்கிறார்கள். நடவுக் கிழங்கை அவர்களிடம் வாங்குங்கள். காட்டில் தோண்டி வருபவர்களிடம் வாங்க வேண்டாம். காட்டில் ஏற்கெனவே அருகிவிட்டது.

ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள கிழங்காகப் பொறுக்க வேண்டும். சிறிய கிழங்கு முதல் ஆண்டு கொடியாக மட்டும் வரும். கலப்பை போல் வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளைக்கண் இருக்கிறது. அந்த நுனி ஒடிந்தால் கிழங்கு வீண். மூட்டையாகக் கட்டி எறியாமல் முட்டையைப் போல் கையாளுங்கள். உயரமான 12 அங்குலத் தொட்டியில் படுக்கவைத்து மூடி, கொடி ஏற மெல்லிய குச்சிகளை ஊன்ற வேண்டும். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும் செடி இது, தடித்த மூங்கிலை அதனால் பிடிக்க முடியாது. சாகுபடிக்காரர்கள் போடும் விராலிக் குச்சி தொட்டிக்கும் பொருந்தும். ஆடிக்குள் நட்டுவிட வேண்டும், ஆவணிக்குத் தள்ள வேண்டாம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தச் செடி முழுக்க நஞ்சு. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. அதிலுள்ள கோல்சிசின் என்ற பொருள் உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும், ஆடு மாடு அவிழ்ந்து திரியும் வாசலுக்கும் இதை விற்காதீர்கள். கேட்டால் கல்வாழையைக் கொடுங்கள். தொட்டியின் விளிம்பில் வழிய சர்க்கரைவள்ளிக் கொடி அழகானது, மலிவானது, நானே பலருக்குச் சொல்வதுண்டு. ஆனால் காந்தள் உள்ள தொட்டியில் அது கூடவே கூடாது. மண்ணைக் கிளறுபவர் கையில் எந்தக் கிழங்கு வருகிறது என்று வித்தியாசம் தெரியாது. தொட்டியின் மேலேயே ‘நஞ்சுக் கிழங்கு’ என்று பெயின்டில் எழுதுங்கள், காகிதச் சீட்டு முதல் மழையில் கரைந்துவிடும். கிராமங்களில் மாடித்தோட்டப் பயிற்சி நடத்தும் தோட்டக்கலை அலுவலர்களும் காந்தளைப் பற்றிப் பேசும்போது இந்த எச்சரிக்கையையே முதலில் சொல்ல வேண்டும், பூவைப் பற்றிப் பிறகு.

தை மாதத்தில் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். அப்போது நீர் விடுவதை நிறுத்தி, தொட்டியை மழை படாத நிழலில் அப்படியே வைத்தால் ஆனி, ஆடியில் மறுபடி முளைக்கும். விற்கும்போதே வாங்குபவரிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள். வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் தொட்டியோடு திருப்பித் தரலாம் என்றும் சொல்லுங்கள், அடுத்த நடவுக்கு உங்களுக்கே கிழங்கு கிடைக்கும். சொல்லாவிட்டால் செடி செத்துவிட்டது என்று நினைத்துக் கிழங்கோடு தெருமுனைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். அதை மாடு வந்து கிளறும்.