முதியோரிடம் நாம் கேட்காத கேள்விகள்

"வயசாயிட்டா அப்படித்தான்!" யாரிடமும் பேசாமல், வீட்டின் மூலையில் முடங்கிவிடும் பெரியவர்களைப் பற்றி நாம் எளிதாகச் சொல்லிவிடும் விளக்கம் இது. இந்த விளக்கத்திற்குப் பின்னால் ஒரு நோய் மறைந்திருக்கலாம்.

நடுவண் அரசின் நலவாழ்வுத்துறை 2021 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை இதை உணர்த்தியது. 2017-18ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் எடுக்கப்பட்ட அந்தக் கணக்கெடுப்பில், 60 வயதைக் கடந்தோரில் 8.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் எனத் தெரியவந்தது. ஆனால், மருத்துவர் அதைக் கண்டறிந்ததாகச் சொன்னவர்களோ 1 விழுக்காட்டிற்கும் குறைவு.

ஏன் இந்த இடைவெளி? தூக்கமின்மை, பசியின்மை, உடல் தளர்ச்சி ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்கள். முதுமையும் பிற நோய்களும் இதே தொல்லைகளைத் தருகின்றன. பெரியவர்களும் "மனசு சரியில்லை" என்பதைவிட, "நெஞ்சு பாரமா இருக்கு" என்றே சொல்வார்கள்.

இதனால்தான், அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரோம் யெசவேஜும் அவருடைய குழுவினரும் 1980களின் தொடக்கத்தில் முதியோருக்கென்றே ஓர் அளவுகோலை உருவாக்கினர். அதில் 30 கேள்விகள். 1986இல் அது 15 கேள்விகளாகச் சுருக்கப்பட்டது. தூக்கம், பசி பற்றி இந்தச் சுருக்க வடிவம் கேட்பதில்லை. வாழ்வில் நிறைவு உண்டா, முன்பு விரும்பிச் செய்தவற்றை விட்டுவிட்டீர்களா, பயனற்றவராக உணர்கிறீர்களா என்றே கேட்கிறது. 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொன்னால் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மதிப்பெண் 5ஐத் தாண்டினால், மருத்துவரின் முழுமையான பரிசோதனை தேவை.

இது ஒரு சல்லடை மட்டுமே, தீர்ப்பு அல்ல. தற்கொலை எண்ணம் பற்றி இதில் கேள்வி இல்லை. அதை மருத்துவர் தனியாகக் கேட்க வேண்டும். நினைவாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்காக 1988இல் வெளிவந்த கார்னெல் அளவுகோல், பராமரிப்பவரிடமும் விசாரிக்கிறது.

மற்றவர்கள் விடயத்தில் ஒன்றை மறக்க வேண்டாம். மருத்துவர் அப்பாவிடம் கேட்கும்போது, "அவருக்கு என்ன குறை? நல்லாத்தான் பார்த்துக்கறோம்" என்று மகனோ மருமகளோ முந்திக்கொள்கிறார்கள். பிள்ளைகள் முன் எந்தத் தாய் "நான் பாரமாகிவிட்டேன்" என்பார்? அவர்கள் தனியே, தயக்கமின்றிப் பேச இடம் கொடுப்போம்.

மனச்சோர்வு குணப்படுத்தக்கூடிய நோய். அது முதுமையின் தண்டனையும் அல்ல, நம்பிக்கைக் குறைவும் அல்ல. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் ஆலோசனை பெறலாம். அன்பியத்தினராக முதியோரைச் சந்திக்கச் செல்லும்போது, "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாமல், "மனசு எப்படி இருக்கு?" என்றும் கேட்போம். பதில் வரும்வரை காத்திருப்போம்.