சர்வதேசப் படிப்பு சோறு போடுமா?

அமெரிக்க சர்வகலாசாலைகளில் மாணாக்கர்கள் தாங்கள் எடுத்துக்கொண்ட முக்கிய பாடத்தோடு, பெரும்பாலும் ஐந்தாறு வகுப்புகள் கொண்ட உப பாடம் ஒன்றையும் சேர்த்துப் படிக்கலாம் என்கின்ற ஏற்பாடு இருந்து வருகின்றது. ரசாயனமோ, இயந்திர நூலோ, வியாபாரக் கணக்கோ படிக்கின்ற ஒருவர் சர்வதேச விவகாரத்தை உப பாடமாக எடுக்க முற்பட்டால், உடனே சிலர் "இது சோறு போடுமா?" என்று கேட்கின்றார்கள். வேறு சிலரோ, "சர்ட்டிபிகேட்டில் ஒரு வரி கூடினால் உத்தியோகத்துக்கு அழகுதானே" என்று சமாதானம் சொல்லுகின்றார்கள். இந்த இரு கூட்டத்தாரையும் நாம் ஒப்புக்கொள்ளுவதற்கில்லை. முந்தியவர் அறிவை வயிற்றைக் கொண்டு அளக்கின்றார். பிந்தியவர் அதை நெற்றிப் பட்டையாக இட்டுக்கொள்ளச் சொல்லுகின்றார்.

முதலில் சோற்றுக் கேள்வியை எடுத்துக்கொள்ளுவோம். ஒருவர் தன் தொழிலில் கைதேர்ந்தவராயிருந்தால் மாத்திரம் போதுமா? 1947ம் வருஷத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிளக்கும் எல்லைக் கோட்டைப் போடுவதற்கு லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர் சர் சிரில் ராட்கிளிப் என்கின்ற வக்கீல். சட்டத்தில் அவர் மகா கெட்டிக்காரர் என்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அதற்கு முன் அவர் இந்தியாவில் காலடி வைத்தவரேயல்ல. அந்த அறியாமையே பட்சபாதமின்மைக்கு அத்தாட்சி என்பதாக, அதையே ஒரு யோக்கியதையாகவும் பேசினார்கள்! ஜூலை 8ந் தேதி வந்திறங்கினார். சுமார் ஐந்து வாரத்தில் காரியத்தை முடித்தார். ஆகஸ்டு 17ந் தேதி கோடு வெளியாயிற்று. அந்தப் பிரிவினையில் பல லட்சம் உயிர்கள் மாண்டன. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். இத்தனைக்கும் அவர் ஒருவரே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தான் கை வைக்கும் மக்களைப் பற்றி ஒன்றும் அறியாத கெட்டிக்காரத்தனம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இன்னும் என்ன ருஜு வேண்டும்? இன்று ரசாயனக்காரர் செய்யும் மருந்தும், இஞ்சினீயர் கட்டும் அணையும், கணக்கர் கொடுக்கும் கடனும் கடல் கடந்து யாரோ ஜனங்களின் தலையில்தானே வந்து விடிகின்றன?

நிற்க, இதைப் படித்துவிட்டாலே போதும் என்றும் நாம் சொல்ல மாட்டோம். இப்படிப்பின் பிறப்பையே பார்ப்போம். 1919ல் வேல்ஸ் தேசத்து அபெரிஸ்ட்வித் நகரில், சர்வதேச அரசியலுக்கென்றே உலகில் முதலாவது பேராசிரியர் பதவி ஏற்பட்டது. மகாயுத்தத்தில் மாண்ட மாணாக்கர்களின் ஞாபகார்த்தமாக டேவிட் டேவிஸ் குடும்பத்தார் பணம் கொடுத்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அப்பதவிக்குச் சூட்டிய பெயர் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுடையது. அவர் யார்? அதே 1919ல், பாரிஸ் சமாதான மகாநாட்டில், சர்வதேச சங்க விதிகளில் இன சமத்துவத்தைச் சேர்க்க வேண்டுமென்று ஜப்பான் பிரேரேபித்து, 17 பிரதிநிதிகளில் 11 பேர் ஆதரித்தும், ஏகமனதாக இல்லை என்று தலைமை ஸ்தானத்திலிருந்து அதைத் தள்ளியவர்! தம் நாட்டு சர்க்கார் காரியாலயங்களில் கருப்பரை வெள்ளையரினின்றும் பிரித்துவைத்த ஆட்சியும் அவருடையதே.

பிரின்ஸ்டன் சர்வகலாசாலையும் தனது சர்வதேச விவகாரப் பள்ளிக்கு 1948ல் அவர் பெயரையே வைத்தது. 2015ல் கருப்பு மாணவர்கள் தலைவரின் அறையிலேயே உட்கார்ந்துகொண்டு, "இவர் பெயர் எங்களுக்கு ஏன்?" என்று கேட்டார்கள். 2016ல் நிர்வாகிகள் எடுக்க முடியாது என்றார்கள்; 2020ல் அவர்களே எடுத்தார்கள். பெயரை எடுத்ததனால் உலகம் திருந்திவிடாதுதான். ஆனால் அந்த ஒரு கேள்வியில் இருந்த சர்வதேச ஞானம், அதுவரை அக்கட்டடத்துக்குள் பாடஞ் சொன்ன எத்தனை பேரிடம் இருந்தது?

ஆகவே, மாணவத் தோழர்களே! தாராளமாகப் படியுங்கள். ஆனால் ஓர் ஒப்பந்தத்தைப் படித்தால், அது எழுதப்படும்போது மேஜையண்டை இருந்தவர் யார், வாசலில் நிறுத்தப்பட்டவர் யார் என்று கேளுங்கள். ஓர் எல்லைக் கோட்டைப் பார்த்தால், அது யார் வீட்டுக்குள் புகுந்து போகின்றது என்று கேளுங்கள். அன்னிய பாஷை ஒன்றையாவது கற்று, அம்மக்களின் வாயாலேயே அவர்கள் சங்கதியைக் கேளுங்கள். இப்படிக் கேட்கத் துணிந்தவருக்கு ஐந்தாறு வகுப்புகளே போதும். துணியாதவர் அதையே முக்கிய பாடமாக எடுத்து ஆயுள் முழுதும் படித்தாலும், அடுத்த கோட்டைப் போடுவதற்குத்தான் உதவுவார்.