லினக்ஸ் அப்டேட் பாதியில் நின்றால் ஃபார்மட்தான் தீர்வா?

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ, செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் அப்டேட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் போகிறது, பேட்டரியும் கைவிடுகிறது. மறுபடி ஆன் செய்து எதையாவது இன்ஸ்டால் செய்யப் போனால், 'டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது' என்று எரர். உடனே யாராவது சொல்வார்கள்: "ஃபார்மட் போட்டுடு, சரியாயிடும்." இது மோசமான யோசனை.

டெபியன் குடும்பத்து லினக்ஸ் எல்லாவற்றிலும் மென்பொருளை நிறுவுவது டிபிகேஜிதான். உபுண்டுவும் அந்தக் குடும்பம்தான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பலர் முதன்முதலாகப் பார்த்த, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதேதான். டிபிகேஜி முதலில் ஃபைல்களைப் பிரித்து வைக்கும். பிறகு அவற்றை ஓடும் நிலைக்குக் கொண்டுவரும். இதற்குப் பெயர்தான் 'கான்ஃபிகர்'. எந்தப் பேக்கேஜ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொண்டே வரும். அதனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்கான கட்டளை அந்த எரர் செய்தியிலேயே இருக்கு. அப்படியே டெர்மினலில் போட்டால் போதும், பெரும்பாலும் நெட்கூட வேண்டாம்.

ஃபார்மட் போட்டால்? உபுண்டு 24.04 ஃபைல் மட்டுமே 5 ஜிபிக்கு மேல். தினம் 1.5 ஜிபி பிளானில் இருப்பவருக்கு அது கிட்டத்தட்ட நாலு நாள் டேட்டா. பாவில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு நெய்கிற ஊர் அருப்புக்கோட்டை. ஒரு இழைக்காகப் பாவையே யாரும் வெட்டி எறிவதில்லை.

அந்தக் கட்டளையும் தோற்றால், கடைசி வரியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 'எரர் கோட் 1' என்பது ஏதோ தவறு என்று மட்டும்தான் சொல்லும் (இதை எழுதியவர்கள் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம்). மேலே போய், முதலில் எந்தப் பேக்கேஜ் பெயர் வருகிறது என்று பாருங்கள். பல நேரம் 'பூட்' பகுதியில் பழைய கெர்னல்கள் சேர்ந்து இடம் இல்லாமல் போயிருக்கும். அவற்றை நீக்கினால் வேலை நகரும்.

'லாக்' கிடைக்கவில்லை என்ற எரர் வேறு ரகம். பின்னணியில் இன்னொரு அப்டேட் ஓடுகிறது என்று அர்த்தம். பத்து நிமிஷம் பொறுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். லாக் ஃபைலை அழிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பினால், ஒரே நேரத்தில் இரண்டு வேலை மோதி பதிவேடே கெடலாம்.

ஃபார்மட் நியாயமாகும் இடமும் உண்டு. லேப்டாப்பில் இருப்பது காலாவதியான பதிப்பு என்றால், அதன் பேக்கேஜ்கள் வழக்கமான சர்வரிலிருந்து காப்பக சர்வருக்குப் போயிருக்கும். '404' வருவது அதனால்தான். முகவரியை மாற்றினால் பழைய பேக்கேஜ் கிடைக்கும், பாதுகாப்பு அப்டேட் வராது. அப்போது டேட்டா செலவானாலும் பரவாயில்லை, முக்கிய ஃபைல்களை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு புதிய பதிப்புக்கு மாறிவிடலாம்.