கோடையில் ஆய்வகம், கையில் உதவித்தொகை... ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது மழைக்காலத்தில்!

கூடுவாஞ்சேரியில் பீச் போகும் மின்சார ரயிலில் ஏறினால், வழியில் 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷன் வரும். டேவிட் சௌரி முத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காக 1928-ல் தொடங்கிய மருத்துவமனைதான் அந்தப் பெயருக்குக் காரணம். அதே ரயிலில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் சேத்துப்பட்டு. அங்கே 1956-ல் தொடங்கப்பட்ட மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நோயாளிகள் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும், சானடோரியத்தில் சேர்ந்தவர்களைப் போலவே குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது இந்த மையம்தான்.

இந்தத் தடத்தில் தினமும் போய்வரும் மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பயோடெக் மாணவர்களில் பலருக்கு ஆராய்ச்சிக்கூடம் ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம் மட்டும்தான். ஆர்வம் இல்லாமல் இல்லை. கோடை விடுமுறையில் துணிக்கடையிலோ மொபைல் ஷோரூமிலோ வேலை பார்த்தால், அடுத்த செமஸ்டர் ஃபீஸில் பாதியாவது தேறும். அதை விட்டுவிட்டு சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குப் போக எத்தனை வீடுகளில் வசதி இருக்கிறது? அதனால்தான் உதவித்தொகையோடு வரும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிகள் முக்கியமாகின்றன.

யாருக்கு எது?

பி.எஸ்சி., பி.டெக் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப். சர் சி.வி.ராமன் 1934-ல் தொடங்கிய பெங்களூரு அகாடமியும், டெல்லி, பிரயாக்ராஜ் அகாடமிகளும் இதில் உண்டு. தேர்வானவர்கள் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். மாத உதவித்தொகையோடு போய்வர ரயில் கட்டணமும் கிடைக்கும்.

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை தருகிறது. சமீப ஆண்டுகளில் இது 50,000 ரூபாய். ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஆய்வை முடித்து, அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் பணம் வரும். அதுவரை கைச்செலவுக்கு வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிண்டி பக்கம் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யும் உதவித்தொகையோடு கோடைக்கால ஃபெல்லோஷிப் நடத்துகிறது. அங்கே பயோடெக்னாலஜி துறையும் இருக்கிறது.

பணம் கேட்டால்?

ஏப்ரல் வந்தால் வாட்ஸ்அப் குரூப்களில் 'கட்டணம் செலுத்துங்கள், சான்றிதழ் உண்டு' என்று இன்டர்ன்ஷிப் விளம்பரங்கள் குவியும். எல்லாமே ஏமாற்று வேலை அல்ல. ஆனால், அது காசு கொடுத்து வாங்கும் வகுப்பு. ஃபெல்லோஷிப் என்றால் அவர்கள் உங்களுக்குக் கொடுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால், அப்பாவின் சேமிப்பு தப்பிக்கும்.

தேதிதான் வில்லன்!

பலர் கோட்டைவிடுவது மார்க்கில் அல்ல, தேதியில். அகாடமி ஃபெல்லோஷிப்புக்கு முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஐ.ஐ.டி. அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். செமஸ்டர் முடிந்து மே மாதம் தேடினால் கதவு சாத்தியிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் தேதியையும் தகுதியையும் அதிகாரபூர்வ இணையதளத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும், என்ன ஆய்வு செய்ய ஆசை என்ற சிறு குறிப்பும் கேட்பார்கள். கடிதத்தைக் கடைசி நாளில் கேட்டால் பேராசிரியரும் அவசரத்தில் நாலு வரிதான் எழுதுவார். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். குறிப்பில் 'எல்லாத் துறையிலும் ஆர்வம்' என்று எழுதுவதை விட, அந்த விஞ்ஞானியின் ஒரு கட்டுரையையாவது படித்து, அதிலிருந்து உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை எழுதினால் மதிப்பு அதிகம்.

முதல் முறை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாம் ஆண்டில் தவறினால் மூன்றாம் ஆண்டு இருக்கிறது. வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் இதை இன்றே அனுப்பிவையுங்கள். ஆய்வகத்தில் கழியப்போகும் கோடைக்கு, அடைமழையிலேயே ஃபாரம் நிரப்பியாக வேண்டும்!