பனியைப் பார்க்கப் போகிறவர்கள்

பாலிகஞ்சில் பனிமழை பெய்யாது. ஜனவரி மாதத்திலும் இங்கே குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். 1833-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஐஸ் பாளங்களைக் கப்பலில் வரவழைத்த ஊர் இது. (நமது சென்னையின் ஐஸ் ஹவுஸும் அதே வியாபாரத்தின் மிச்சம்தான்.) ஆகவே லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பனி என்பது சியால்டாவில் இரவு ரயில் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய காட்சி.

வருடம் முழுவதும் கணக்கோடு மல்லுக்கட்டும் குமாஸ்தா, எல்.டி.சி. சலுகையில் மனைவி மக்களை டார்ஜிலிங், கேங்டாக் என்று அழைத்துப் போவதை யார் குறை சொல்ல முடியும்? ஊரிலிருந்து வந்திருக்கும் தாய் தந்தையரையும் கூட்டிச் செல்கிறார்கள். ஆனால் என்ன ஏற்பாட்டோடு போகிறார்கள்?

நம் மொழியில் மார்கழிப் பனியும் பனிதான், இமயமலைப் பனியும் பனிதான். ஒரு மப்ளரும் குரங்குக் குல்லாயும் போதும் என்ற நினைப்பு அதனால்தான் வருகிறதோ என்னவோ!

2018 டிசம்பர் 28-ஆம் தேதி சிக்கிமில் சாங்கு ஏரி, நாதுலா பகுதியில் திடீரெனப் பனி கொட்டியது. திரும்பும் பாதை அடைபட்டு, நூற்றுக்கணக்கான வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. குழந்தைகள், முதியோர் உள்பட 2,500-க்கும் மேற்பட்டோரை ராணுவ ஜவான்கள் மீட்டு, தங்கள் முகாம்களில் தங்கவைத்து, உணவும் கம்பளியும் மருந்தும் கொடுத்தனர். அன்று ஜவான்கள் இருந்தார்கள், பிழைத்தார்கள்.

2023 ஏப்ரல் 4-ஆம் தேதி அப்படி முடியவில்லை. நாதுலா சாலையில் பனிச்சரிவில் சிக்கி ஏழு சுற்றுலாப் பயணிகள் மாண்டனர். அனுமதி 13-ஆம் மைல் வரைதான், விபத்து நடந்ததோ 15-ஆம் மைலில் என்று போலீசார் தெரிவித்தனர். இத்தகைய இடங்களில் டிரைவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. "இன்னும் கொஞ்சம் மேலே போகலாமே" என்று கூடுதல் பணம் நீட்டுகிறவர்கள் நம்மிலும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. கேங்டாக் சுமார் 5,400 அடி உயரம். சாங்கு ஏரி 12,300 அடிக்கு மேல். இடையிலுள்ள தூரமோ சுமார் 40 கிலோமீட்டர்தான். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏழாயிரம் அடி ஏறினால் உடம்பு எப்படித் தாங்கும்? தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே கீழே இறங்குவதே முதல் வைத்தியம். இதய நோயாளிகளையும் கைக்குழந்தைகளையும் அங்கே கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

பாலிகஞ்சிலும் ராஷ்பிஹாரி அவென்யூவிலும் டூர் ஏற்பாடு செய்பவர்கள், பணம் வாங்கும்போதே இவற்றைச் சொல்ல வேண்டும். அனுமதி எந்த மைல் வரை, சாலை மூடினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் தர வேண்டும். நமது சங்கங்கள் நாலைந்து நல்ல கம்பளிக் கோட்டும் பூட்ஸும் வாங்கி வைத்து, போகிறவர்களுக்கு இரவல் கொடுக்கலாம். பெரிய செலவில்லை.

புறப்படும் நாள் காலையில் மேலே சாலை மூடியிருக்கிறது என்றால் கேங்டாக்கிலேயே தங்கிவிடுங்கள். லீவில் ஒரு நாள் போனால் போகட்டும்.