பிளஸ் ஒன்னில் விஞ்ஞானப் பிரிவு: உழவர் வீட்டுப் பிள்ளைகள் தயங்கலாமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளிவருகின்றன. கோடை உழவு, நகைக் கடன் புதுப்பித்தல், குறுவைக்கு விதை தேடுதல் என எல்லாம் ஒன்றாகச் சேரும் நேரம் அது. விதை வாங்கும் முன் நாலு பேரிடம் விசாரிக்கும் விவசாயி, பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதை மட்டும் விண்ணப்பம் நிரப்பும் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார். விதை தவறினால் நட்டம் ஒரு போகத்தோடு போகும். பாடப் பிரிவு தவறினால் அடுத்த போகத்தில் சரிசெய்ய முடியாது.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-ல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் சிறு விவசாயிகளின் வீடுகளில் இரண்டு தவறான எண்ணங்கள் மாறவில்லை. "சயின்ஸ் குரூப் கஷ்டம், டியூஷன் வைக்கக் காசில்லை, சுலபமான பிரிவில் சேர்ந்தால் மார்க் வரும்" என்பது ஒன்று. "டாக்டர் ஆக்க வேண்டும்" என்று விருப்பமில்லாத பிள்ளையை உயிரியல் பிரிவில் தள்ளுவது மற்றொன்று. இரண்டிலும் பிள்ளையின் திறமையும் விருப்பமும் கேட்கப்படுவதில்லை.

முதல் எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். விஞ்ஞானப் பிரிவு கடினம் என்பது உண்மைதான். ஆனால் அது திறந்துவிடும் வழிகள் அதிகம். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர் வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை மருத்துவம், மீன்வளம், செவிலியர் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். கணிதமும் சேர்த்துப் படித்தவருக்குப் பொறியியலும் உண்டு. மனம் மாறினால் பி.ஏ. பட்டத்துக்கும் போகலாம். ஆனால் விஞ்ஞானம் படிக்காதவர் பின்னர் கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால் வழியில்லை. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்புகளுக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே வழங்கப்படுகின்றன. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண்மை, கால்நடை, பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒதுக்கப்பட்டுள்ளன. எனவே மருத்துவம் கிடைக்காவிட்டால் விஞ்ஞானம் படித்தது வீண் என்று நினைப்பது சரியன்று.

பிள்ளை மேற்படிப்புக்குப் போகாமல் நிலத்துக்கே திரும்பினாலும் இந்தப் படிப்பு வீணாகாது. இன்று மண் பரிசோதனை அட்டை வீட்டுக்கு வருகிறது. படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் கூரையில் செருகப்படுகிறது. உவர் நிலத்தை நல்ல தண்ணீர் தேக்கி வடித்துக் கழுவ வேண்டும்; களர் நிலத்துக்கு முதலில் ஜிப்சம் இட வேண்டும். இரண்டும் வெள்ளையாகப் பூத்து ஒன்றுபோல் தோன்றலாம். கார அமில நிலையும் உப்பின் அளவும் பார்த்துப் பிரித்தறிவது வேதியியல். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 விழுக்காடு, அதாவது சுமார் 20.7 கிலோ என்று கணக்கிடத் தெரிந்த பிள்ளை, கடைக்காரர் சொல்லும் அளவை அப்படியே ஏற்காது. மோட்டாரின் குதிரைத் திறனையும் கிணற்றின் ஆழத்தையும் பொருத்திப் பார்ப்பது இயற்பியல். பொறிவண்டும் சிலந்தியும் நன்மை செய்பவை என்று அறிந்தவர், பூச்சியைக் கண்டவுடன் மருந்துத் தெளிப்பானைத் தூக்க மாட்டார்.

செலவும் தூரமும் மெய்யான இடையூறுகளே. இவற்றால் அதிகம் பாதிக்கப்படுவது பெண் பிள்ளைகள். அண்ணனுக்குப் பக்கத்து ஊரில் விஞ்ஞானப் பிரிவு. நல்ல மதிப்பெண் எடுத்த தங்கைக்கு உள்ளூரில் எது உண்டோ அது என்ற நிலை இன்னும் பல வீடுகளில் உள்ளது. அரசுப் பள்ளியில் பாடநூல் இலவசம். பிளஸ் ஒன்னில் சைக்கிளும், இலவசப் பேருந்துப் பயண அட்டையும் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. தூரத்தைக் காட்டி மகளின் படிப்பைச் சுருக்குவது நியாயம் ஆகாது.

எல்லாப் பிள்ளைகளும் விஞ்ஞானமே எடுக்க வேண்டும் என்பதல்ல. பத்தாம் வகுப்பில் கணக்கையும் அறிவியலையும் மனப்பாடம் செய்தே தேறிய பிள்ளை பிளஸ் ஒன்னில் திணறும். உயிரியலில் ஆர்வம் இருந்து கணக்கு மட்டும் வராவிட்டால், தாவரவியல், விலங்கியல் உள்ள பிரிவு பொருத்தமானது. கைவேலையில் நாட்டம் உள்ளவருக்குப் பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் உண்டு. தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியலும் உண்டு. அதை மார்க் குறைந்தவர்களின் பிரிவு என்று ஏளனமாகப் பார்ப்பது தவறு. வேளாண்மைப் பட்டயம் பெற்றவர் உதவி வேளாண்மை அலுவலர் பணிக்குப் போட்டியிடலாம்.

விண்ணப்பம் கொடுக்கும் முன் பெற்றோர் செய்ய வேண்டியவை சில. பிள்ளை எந்தப் பாடத்தைச் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறது என்று பார்க்க வேண்டும். கணக்கு, அறிவியல் ஆசிரியர்களை நேரில் கண்டு அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும். சேரப்போகும் பள்ளியில் அந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுக்கூடம் நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். சேர்க்கை விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், பல்கலைக்கழகம் வெளியிடும் தகவல் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் பருவத்தில் மதிப்பெண் குறைந்தால் உடனே படிப்பை நிறுத்திவிடக் கூடாது. நாற்று நட்டவுடன் சற்று வாடித்தான் வேர் பிடிக்கும்.

நிலம் தலைமுறைக்குத் தலைமுறை பாகப்பிரிவினையில் சுருங்குகிறது. படிப்பைப் பங்கு போட முடியாது. திறமையும் விருப்பமும் உள்ள பிள்ளையை, பயத்தின் காரணமாகவோ பழக்கத்தின் காரணமாகவோ விஞ்ஞானப் பிரிவிலிருந்து விலக்கி வைக்க வேண்டாம்.